வரிசையின் கடைசியில் ஒரு சாசர்

டொக்.

பஸ் நிலையத்து டீக்கடையில் ஒருவன் என் முன்னால் சாசரை வைத்தான். அவ்வளவுதான். டீயைத் தொடாமல் அந்தச் சாசரையே பார்த்துக்கொண்டிருந்தேன். நல்ல சாசர் அப்படிப் பேசாது. நல்ல சாசரை வைத்தால் ணங் என்னும். அந்த ணங் கொஞ்ச நேரம் மேஜையைச் சுற்றிக்கொண்டு நிற்கும். டொக் என்றால் உள்ளே விரிசல். கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத் தட்டுப்படாது, காதுக்கு மட்டும் தெரியும். பீங்கான் கொட்டகையில் சில வருஷம் இருந்தால் அந்தக் காது வந்துவிடுகிறது. வந்தபின் போவதில்லை. யார் வீட்டில் காபி கொடுத்தாலும், கொடுப்பவர்கள் சிரித்துப் பேசிக்கொண்டிருக்க, என் காது அவர்களுடைய பாத்திரங்களுக்கு நாள் குறித்துக்கொண்டிருக்கிறது. என்ன காது இது.

விரிசல் விட்ட சாசர் என்றால் எனக்கு அவள்தான்.

எழுபதுகளின் தொடக்கத்தில் நாங்கள் இருவரும் ஒன்றாகப் பீங்கான் கொட்டகையில் வேலைக்குச் சேர்ந்தோம். ஒரே தெரு, ஒரே வயது. அவள் பி.யூ.சி. வரை போய்க் கணக்கில் நல்ல மார்க் வாங்கியவள். நான் பதினொன்றாம் வகுப்போடு நின்றவள். விருத்தாசலத்தில் அப்போது படித்த பெண்ணுக்கும் படிக்காத பெண்ணுக்கும் புகைபோக்கி ஒன்றுதான். காலையில் ரயில் பாதையைத் தாண்டிப் போனால், சாயங்காலம் அதே பாதையைத் தாண்டித் திரும்பி வரவேண்டியது. நடுவில் ஜங்ஷனில் எத்தனையோ வண்டிகள் வந்து நின்று போகும். எந்த வண்டியும் எங்களுக்காக நின்றதில்லை.

என் வேலை ஈரத்தில். கப்புக்குக் கைப்பிடி ஒட்டுவது. அச்சிலிருந்து எடுத்த கப் தோல் போல ஈரமாக இருக்கும்போதே, கைப்பிடியின் இரண்டு முனையிலும் களிமண் குழம்பைத் தொட்டு வைத்து அழுத்தவேண்டும். கப் காய்ந்துவிட்டால் ஒட்டாது. ஒட்டின மாதிரி இருக்கும். சூளையில் கழன்று விழும். அவள் வேலை காய்ந்த பக்கத்தில். அச்சு விட்ட கோட்டை பிளேடால் சுரண்டி, கப்பின் வாயை உப்புத்தாளால் தேய்த்து வழவழப்பாக்குவது. எங்கள் இருவருக்கும் நடுவில் ஒரு தட்டிச் சுவர். அந்தப் பக்கம் எப்போதும் வெள்ளையாகவே இருக்கும். கூரைச் சந்துகளில் வெயில் இறங்கும்போது தூசி ஒவ்வொரு கதிரிலும் எழுந்து நின்று ஆடும். அழகாகத்தான் இருந்தது. இப்போது அதைச் சொல்ல நாக்கு கூசுகிறது, ஆனாலும் அழகாகத்தான் இருந்தது. சாயங்காலம் வெளியே வரும்போது அவளுடைய புருவம், இமை, காதோர மயிர் எல்லாம் நரைத்திருக்கும்.

"பாருடி, எனக்கு மட்டும் சீக்கிரமா வயசாவுது. நீ இன்னும் சேத்துலயே கெடக்குற எருமை" என்பாள்.

"எருமைக்கு எவனாவது கெடைப்பான். கெழவிக்கு எவன்டி வருவான்?" என்பேன்.

அவளுக்கு இருமல் எப்போது வந்தது என்று சொல்லமுடியாது. மழை வந்தது என்று சொல்லலாம், காய்ச்சல் வந்தது என்று சொல்லலாம். இந்த மாதிரி இருமல் வருவதில்லை. முதலிலிருந்தே இருந்ததுபோல ஒருநாள் காதில் படும். முதலில் காலையில் மட்டும். பிறகு ரயில் பாதையின் மேட்டில் ஏறும்போது. பிறகு சிரிக்கும்போது. அவள் சிரிப்பவள். அதுதான் கஷ்டம். எதையாவது சொல்லிச் சிரிக்கவைத்துவிட்டு, நானே அவள் முதுகைத் தடவிக்கொண்டு நிற்பேன்.

அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் முதுகில் குழாயை வைத்துக் கேட்டார். மறுபடியும் கேட்டார். படம் எடுத்து வரச் சொன்னார். படத்தை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

"இது சளி இல்லம்மா. தூசி. உள்ள போனது வெளிய வராது. இனிமே போவாம பாத்துக்கலாம், அவ்ளோதான். அந்த வேலைய வுட்டுடு."

"வேற வேல எங்க டாக்டர் விக்குது? நீங்களே ஒண்ணு வாங்கிக் குடுத்துடுங்க" என்றாள் அவள்.

டாக்டர் சிரிக்கவில்லை. "இன்னும் சின்ன வயசு உனக்கு" என்று மட்டும் சொன்னார். 

அன்று முதல் எங்களுக்கு ஒரே வேலைதான்: அவளைத் தூசியிலிருந்து வெளியே எடுப்பது. என் இடத்தை அவளுக்குக் கொடுக்கச் சொல்லி மேஸ்திரியிடம் போனேன். நான் காய்ந்த பக்கம் போகிறேன், அவள் ஈரத்துக்கு வரட்டும் என்றேன். அவர் நல்ல மனிதர்தான். உடனே அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். கைப்பிடியை எடுத்து, குழம்பைத் தொட்டு, கப்பில் வைக்கும் நேரத்துக்குச் சரியாக இருமல் வந்தது. கை ஆடியது. கைப்பிடி கோணிக்கொண்டது. இன்னொன்று. அதுவும் கோணல். காது கோணிய கப்புகள் வரிசையாக நின்றன.

"பாத்தியா புள்ள" என்றார் மேஸ்திரி, என்னிடம்தான். "நான் என்னா பண்ணட்டும்?"

பேக்கிங் பக்கம் வைக்கோல் தூசி. பளபளப்புக்குப் பூச்சுப் பூசும் கிளேஸ் பக்கம் மாவுத் தூசி. பெண்ணாடம் சர்க்கரை ஆலை ஆபீஸில் டைப் தெரிந்த பெண் வேண்டும் என்று கேள்விப்பட்டு, சாயங்கால வகுப்பில் சேர்ந்து டைப் அடிக்கப் பழகினாள். பழகி முடிப்பதற்குள் அங்கே வேறு யாரோ உட்கார்ந்துவிட்டார்கள். ஒவ்வொரு கதவாக, சத்தம் போடாமல், மரியாதையாக, மூடிக்கொண்டு வந்தது.

எழுபதுகள் முடிகிற சமயம். அவளுடைய மாமா மகன் ஒருவன் மெட்ராஸில் பெரிய படிப்பு படித்துக்கொண்டிருந்தான். லீவுக்கு வந்தவன், ஒரு கட்டு நகல் தாள்களை அவளிடம் கொடுத்தான். சாம்பல் நிறம், வழவழப்பு, மருந்து வாசனை. மெட்ராஸில் ஓர் ஆபீஸுக்குக் கம்ப்யூட்டர் வந்திருக்கிறது, அமெரிக்க மெஷின், பயிற்சிக்கு ஆள் எடுக்கிறார்கள், டிகிரி கேட்கவில்லை, பரீட்சையில் செய்துகாட்டினால் போதும், பெண்களும் வரலாம் என்றான். அறை முழுக்கக் குளிர்சாதனமாம். தூசி பட்டால் மெஷின் கெட்டுவிடுமாம், அதனால் தூசியே விடமாட்டார்களாம்.

அவள் அந்தக் கடைசி வாக்கியத்தை என்னிடம் மறுபடி மறுபடி சொன்னாள். "தூசியே வுட மாட்டாங்களாம்டி. மெஷினுக்கு ஆவாதாம்."

"மெஷினா பொறந்திருக்கலாம் நீ" என்றேன். "ஆமா, மொறை மாப்பிள்ள தாலியோட வருவான்னு பாத்தா தாளோட வந்திருக்கான்?"

"போடி. தாலிய வெச்சிக்கிட்டு மூச்சு வுட முடியுமா?"

தாள்களில் இருந்தது ஷெல் என்ற ஒன்றைப் பற்றி. மெஷினுக்கு மேல் ஓடு மாதிரி இருக்குமாம் அது. நாம் எழுதிக் கொடுப்பதை அதுதான் வாங்கி, உள்ளே சொல்லி, வேலை நடத்தும்.

"ஓடா? நம்ம ஊருக்கே வந்து ஓடு சொல்லிக் குடுக்குறானா உங்க மாமா மவன்?"

சிரித்தாள். இருமினாள். முதுகைத் தடவினேன்.

கம்ப்யூட்டரை நாங்கள் பார்த்ததில்லை. படத்தில்கூடச் சரியாகப் பார்த்ததில்லை. ஆனால் சாசர் இருந்தது. முதல் சூட்டில் விரிசல் விட்ட சாசர்கள், கிளேஸ் போடாதவை, கொட்டகைக்குப் பின்னால் குவிந்து கிடக்கும். அவற்றின் மேல் பென்சிலால் எழுதினால் நன்றாகப் பிடிக்கும், அழித்தால் போகாது. மதியச் சோற்றை அள்ளிப் போட்டுக்கொண்டு, கப் அடுக்கும் நீளப் பலகை ஒன்றைக் கல்லின் மேல் வைத்து, அதுதான் மெஷின் என்றாள். ஒரு சாசருக்கு ஒரு சொல். நான் மெஷினாக உட்கார வேண்டும். அவள் எழுதி வைப்பதை நான் வரிசையாகப் படித்து, சொன்னபடி செய்யவேண்டும். எனக்கு இங்கிலீஷ் அரைகுறை. அதனால் நல்ல மெஷினாக இருந்தேன். சொன்னதற்கு மேல் ஒன்றும் எனக்குத் தெரியாது.

முதலில் சொல்லின் முடிவில் சொல் சேர்ப்பது. ஒரு பெயரை வைத்துக்கொள். எக்ஸ் என்று இருக்கட்டும். எக்ஸ் என்பது பலகையில் ஓர் இடம். அந்த இடத்தில் 'மணி' என்று எழுதிய சாசர். இப்போது அதை, எங்கள் ஊர் ஆற்றின் பெயராக, 'மணிமுத்தா' ஆக்க வேண்டும். எப்படி?

"பக்கத்துல 'முத்தா'ன்னு எழுதிடு" என்றேன்.

"எடம் ஏதுடி சாசர்ல?"

இடம் இல்லைதான். புதுச் சாசர் எடுக்கவேண்டும். அதில் முதலில் பழையதைச் சின்னதாக எழுதி, அதை ஒட்டியே புதியதை எழுதி, பழைய சாசர் இருந்த இடத்தில் வைக்கவேண்டும். பழைய சாசர் குவியலுக்குப் போகும். தாளிலும் அப்படித்தான் இருந்தது. டாலர் குறி போட்டு எக்ஸ் என்றால் 'எக்ஸில் இப்போது இருப்பது' என்று அர்த்தம். எக்ஸ் சமம், டாலர் எக்ஸ், அதோடு ஒட்டியபடி 'முத்தா'. இருந்ததைச் சொல்லிவிட்டுத்தான் வருவதைச் சொல்லவேண்டும். இருந்ததைச் சொல்ல மறந்தால் எக்ஸில் வெறும் 'முத்தா' மட்டும் நிற்கும்.

அதை அவள் ஒரே மதியத்தில் பிடித்துக்கொண்டாள். முகம் மலர்ந்துவிட்டது. அன்று அவள் சோறு முழுவதையும் சாப்பிட்டாள் என்று நினைவு.

கஷ்டமாக இருந்தது வரிசை. பல சொற்களைத் தனித்தனியாக, ஒன்றுக்கடுத்து ஒன்றாக வைத்திருப்பதற்கு அந்த ஷெல்லில் ஒரு வழி உண்டு. செட் என்று போட்டு, பின்னால் சொற்களை எழுதினால் முதலாவது, இரண்டாவது, மூன்றாவது என்று அவை வரிசையில் நிற்கும். ஷிஃப்ட் என்று சொன்னால் முதலில் நிற்பது போய்விடும். மற்றவை ஓரிடம் முன்னால் நகரும். இவ்வளவும் புரிந்தது. வரிசையின் கடைசியில் புதிதாக ஒன்றைச் சேர்ப்பது எப்படி என்று சொல்லும் இடத்தில் மட்டும், நகல் எடுத்தவன் தாளை நகர்த்திவிட்டான் போலிருக்கிறது, இரண்டு மூன்று வரிகள் கறுப்பாக இழுத்துக்கொண்டு போயிருந்தன. வெயிலில் பிடித்துப் பார்த்தாள். தண்ணீர் தொட்டுப் பார்த்தாள். கறுப்பு கறுப்பாகவே இருந்தது.

எங்கள் ஊர் சூளையைப் பார்க்காதவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். நீளமான குகை. உள்ளே தண்டவாளம். கப்புகளை அடுக்கிய இரும்பு வண்டிகள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு அந்தக் குகை நிறைய நிற்கும். வாயில் ஒரு புது வண்டியை வைத்துத் தள்ளினால், உள்ளே இருக்கும் எல்லா வண்டிகளும் ஓரிடம் நகரும்; மறுபக்க வாயில் வெந்து முடிந்த வண்டி ஒன்று, கானல் பறக்க, வெளியே வரும். உள்ளே இருப்பவற்றை யாரும் தொடுவதில்லை, பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. அவை பாட்டுக்கு இருக்கும். புதியது மட்டும் வரிசையின் கடைசியில் போய் ஒட்டிக்கொள்ளும்.

ஒரு மதியம் அவள் சூளைப் பக்கம் தண்ணீர் குடிக்கப் போனவள், ஓடி வந்தாள். ஓடக்கூடாது அவள். வந்து நின்று, மூச்சுக் கிடைக்காமல், கையால் பேசினாள். பிறகுதான் வாய் வந்தது.

"கண்டுபுடிச்சிட்டேன்டி... டனல் சூளதான் இது. செட்டுன்னா... வண்டிய உள்ள தள்ளுறது. ஷிஃப்டுன்னா அந்தப் பக்கம் ஒண்ணு வெளிய வர்றது. அவ்ளோதான். வேற ஒண்ணுமே இல்ல."

அது எவ்வளவு சரியாகப் பொருந்தியது என்றால், நான் எழுந்து நின்றுவிட்டேன். அமெரிக்காவில் எவனோ எழுதியது, எங்கள் சூளையைப் பார்த்து எழுதினதுபோல இருந்தது. பலகையில் சாசர்களை வைத்துச் செய்து பார்த்தோம். செட் என்று சொல்லி ஒரு புதுச் சாசரை வரிசையின் கடைசியில் வைத்தாள். பழைய சாசர்கள் அங்கேயே இருந்தன. எங்கே போகும்? பலகையில் வைத்த சாசர் பலகையில்தானே இருக்கும். ஷிஃப்ட் என்றாள், முதல் சாசரை எடுத்துக் குவியலில் போட்டேன். டொக் என்று விழுந்தது. மறுபடியும் செட். மறுபடியும் ஒரு சாசர். அந்த ஊரில் பிறந்த யாராக இருந்தாலும் அதைத்தான் நம்பியிருப்பார்கள்.

மெட்ராஸிலிருந்து கூப்பிட்டு அனுப்பினார்கள். துணைக்கு நான் போனேன். விடியற்காலை வண்டியில் ஜன்னலோரம் உட்கார்ந்து, ஒவ்வொரு ஸ்டேஷன் பெயரையும் வாய்விட்டுப் படித்துக்கொண்டே வந்தாள். விழுப்புரம் தாண்டியபின் இருமல் குறைந்திருந்தது. "பாத்தியா, ஊர வுட்டு வெளிய வந்தாலே சரியாவுது" என்றாள். அவளுடைய சேலையில் எப்போதும் இருக்கும் அந்த வெள்ளைப் பூச்சு அன்றைக்கு இல்லை. மூன்று தரம் அலசியிருக்கிறாள் போலிருக்கிறது. கழுத்து மடிப்பில் மட்டும் கொஞ்சம் இருந்தது. என் முந்தானையால் துடைத்துவிட்டேன்.

அந்த ஆபீஸில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே விட்டார்கள். குளிர் முகத்தில் அடித்தது. வழவழவென்று தரை. விரலால் தேய்த்துப் பார்த்தேன், ஒன்றும் ஒட்டவில்லை. அவள் ஆழமாக ஒரு மூச்சு இழுத்தாள். இழுக்க முடிந்தது. அந்த ஒரு மூச்சை நான் பார்த்தேன். அதை எந்த வார்த்தையில் வைப்பது என்று இத்தனை வருஷமாக எனக்குத் தெரியவில்லை.

மெஷின் என்பது பெரிய டைப்ரைட்டர் மாதிரி இருந்தது. தாள் சுருள் மேலே ஏறிக்கொண்டே இருந்தது. இன்னொரு அறையில்தான் உண்மையான மெஷின் இருக்கிறதாம். கண்ணாடி போட்ட இளைஞர் ஒருவர் பரீட்சை வைத்தார். நான் கதவோரப் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டேன்.

முதலில் சொல்லோடு சொல் சேர்க்கச் சொன்னார். அவள் விரல்கள் ஓடின. தாளில் சரியாக வந்தது. அவர் தலையாட்டினார். அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். அடக்கமுடியாத சிரிப்பு உதட்டோரத்தில்.

"சரி, இப்போ ஒரு வரிசை. நீங்க ஒவ்வொரு வார்த்தையா குடுத்துட்டே வரணும். மெஷின் அதைக் கடைசியில சேர்த்துட்டே போகணும். முடிஞ்சதும் எல்லாத்தையும் வரிசையா திருப்பிச் சொல்லணும். என்ன வார்த்தை வேணும்னாலும் குடுங்க" என்றார்.

அவள் எழுதினாள். அதிகம் யோசிக்கவில்லை, எத்தனையோ மதியங்கள் எழுதினது. பிறகு சொற்களைக் கொடுத்தாள். காலையில் படித்துக்கொண்டு வந்த பெயர்கள்தான், கடைசியிலிருந்து தலைகீழாக, அவள் வாயில் இருந்தன போலும். செங்கல்பட்டு. விழுப்புரம். உளுந்தூர்பேட்டை. விருத்தாசலம். ஒவ்வொன்றையும் மெதுவாகச் சொல்லிக்கொண்டே அடித்தாள். மெஷின் ஒவ்வொன்றையும் வாங்கிக்கொண்டது. முடிந்தது என்று சொல்லி, எல்லாவற்றையும் திருப்பிச் சொல்லும்படி கேட்டாள்.

தடதடவென்று ஒரு சின்னச் சத்தம். தாள் ஒரு வரி ஏறியது.

விருத்தாசலம் என்று மட்டும் இருந்தது.

அவள் தாளையே பார்த்தாள். இன்னும் வரும் என்று காத்திருந்தாள். நானும் காத்திருந்தேன். 

"செட் போட்டா முன்னாடி இருந்தது போயிடும்மா" என்றார் அவர். குரலில் குற்றம் சொல்லும் தொனியே இல்லை. "பழசு இருக்கணும்னா, இருக்கறது எல்லாத்தையும் மறுபடி சொல்லி, அதுக்கு அப்புறம் புதுசைச் சொல்லணும். எங்க கத்துக்கிட்டீங்க இதை?"

"வேல செய்யற எடத்துலங்க."

"அங்க மெஷின் இருக்கா?"

"சாசர் இருக்குதுங்க."

அவர் புரியாமல் புன்னகைத்தார். அவள், "இன்னொரு வாட்டி போடட்டுங்களா சார்? இப்ப தெரிஞ்சிடுச்சி" என்றாள். அவர் கடிகாரத்தைப் பார்த்தார். வெளியே இன்னும் பலர் காத்திருக்கிறார்கள் என்றார். சொல்லி அனுப்புகிறோம் என்றார். சொல்லி அனுப்ப மாட்டார்கள் என்பது அவர் எழுந்து நின்ற விதத்திலேயே இருந்தது. அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. கோபம் வந்திருந்தால் கொஞ்சம் தாங்கியிருக்கலாம்.

திரும்பி வரும் வண்டியில் கூட்டம். கக்கூஸ் பக்கம் நின்றுகொண்டு வந்தோம். 

"எழுத்துக்கு அப்படித்தான்னு எனக்குத் தெரியுமேடி. பழசச் சொல்லிட்டுத்தான் புதுசச் சொல்லணும்னு. வரிசைக்கும் அதேதான்னு தோணவே இல்ல பாரு. சூளையில யாருடி உள்ள இருக்குறத எல்லாம் எண்ணி எண்ணிச் சொல்லிட்டு வண்டி தள்ளுறான்?"

"எவனும் இல்ல."

"அதான். அதுங்க பாட்டுக்கு இருக்கும்னு நெனச்சேன். சொல்லலேன்னா போயிடும்னு யாரு கண்டா?"

மறுநாள் காலை அவள் காய்ந்த பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். மடியில் கப். கையில் பிளேடு. வெயில் கூரைச் சந்தில் இறங்கிற்று. நான் தட்டிச் சுவரின் இந்தப் பக்கம் கைப்பிடி ஒட்டிக்கொண்டே அந்தச் சுரண்டும் சத்தத்தைக் கேட்டேன். அது நின்றால் இருமல், இருமல் நின்றால் அது.

சில நாள் மதியத்தில் பலகையை எடுத்துவைத்தாள். சரியான முறையில் எழுதினாள். செட் என்று போட்டு, வரிசையில் இருக்கும் எல்லாவற்றையும் குறிக்கும் குறியை முதலில் வைத்து, கடைசியில் புதுச் சாசர். தாளில் கறுப்படித்த இடத்தில் இருந்தது அதுவாகத்தான் இருக்கவேண்டும். என்னை மெஷினாக உட்காரவைத்துச் செய்துபார்த்தாள். எல்லாப் பெயரும் வந்தன.

"இப்ப சரியா இருக்குதா?"

"சரியாத்தான் இருக்குது. யாருக்குடி காட்டப்போற?"

"காட்டுறதுக்கு இல்ல. சரியா இருக்கட்டும்னு."

பிறகு அதையும் விட்டுவிட்டாள். குனிந்து எழுத மூச்சுப் போதவில்லை. மழைக்கு முன்னால் லாரி வந்து, உடைந்த சாசர் குவியலை ரோட்டுப் பள்ளம் நிரப்ப வாரிக்கொண்டு போனது. மாமா மகன் அடுத்த லீவுக்கு வந்தபோது, அந்த ஆபீஸில் இனி டிகிரி கேட்கிறார்கள் என்றான். தலையைக் குனிந்துகொண்டுதான் சொன்னான். அவள், "வுடுடா, உன்னால என்னா பண்ண முடியும்" என்று அவனுக்கு மோர் கொடுத்தாள்.

அவளைப் பற்றி ஒன்று எழுதலாம் என்று உட்காரும்போதெல்லாம் எனக்கு இதுதான் நடக்கிறது. ஒரு புது வரி சேர்க்கப் போகிறேன்; பழையதையெல்லாம் மறுபடி சொல்லாவிட்டால், கொட்டகையை, வெயிலை, எருமை என்று அவள் கூப்பிட்டதை, அந்தக் குளிர்ந்த அறையில் இழுத்த ஒரு மூச்சை, எல்லாம் போய்விடுகிறது; இருமல் மட்டும் தாளில் நிற்கிறது. அதனால் எத்தனை தரம் எழுதினாலும் முதலிலிருந்து. ஒன்றும் முடிவதில்லை. முடிந்தால் மட்டும் என்ன ஆகிவிடப் போகிறது.

வேலைக்கு நடந்து வரமுடியாமல் போனபோது அவளுடைய அண்ணன் கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து வந்தார். அங்கே வயல்காட்டு ஓரத்தில் அவருடைய வீடு. காற்று நன்றாக இருக்கும், அங்கேயே இருக்கட்டும் என்றார். நல்ல காற்று எவ்வளவு இருந்தால்தான் என்ன, அதை இழுக்க இடம் வேண்டாமா என்று நான் நினைத்தேன்.  அவருக்கும் தெரிந்திருந்தது. பையைத் தூக்கிக்கொண்டு அவர் முன்னால் போய்ப் பஸ்ஸில் இடம் பிடித்தார்.

பகல் பதினோரு மணி இருக்கும். பஸ் நிலையத்தில் கொய்யாப்பழக்காரிகள், டிரைவர்களின் சத்தம், டீசல். அவளை ஜன்னலோரம் உட்காரவைத்துவிட்டு நான் பஸ்ஸுக்குள்ளேயே அவள் பக்கத்தில் நின்றேன். அரை நாள் லீவு கேட்டு வந்திருந்தேன். கையில் இன்னும் களிமண் காய்ந்திருந்தது. அவள் அதைத் தன் நகத்தால் கொஞ்சம் கொஞ்சமாக உரித்துக்கொண்டிருந்தாள்.

"அந்தப் பக்கம் ஆள் கேக்குறாங்களாமே? என் எடத்துக்கு?" என்றாள்.

"ஆமா. மேஸ்திரி கேட்டாரு."

"யார?"

நான் கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தேன்.

"உன்னையா?"

"கூட ரெண்டு மணி நேரம் வேல குடுப்பாங்களாம், அதுக்குக் கூலியும். வூட்ல..."

"வூட்ல ஆயிரம் சொல்லுவாங்க." மூச்சுக்காக நின்றாள். அண்ணன் முன் இருக்கையிலிருந்து திரும்பிப் பார்த்தார். அவள் கையைக் காட்டினாள், ஒன்றுமில்லை என்று. "எருமைக்குச் சேறுதான். அங்க போவாத."

"சரி."

"சரின்னு சொல்லாத. போவமாட்டேன்னு சொல்லு."

டிரைவர் ஏறி உட்கார்ந்தார். வண்டி உறுமியது. கண்டக்டர் என் தோளைத் தட்டினார். ஏதாவது சொல்லவேண்டும் என்று இருந்தது. கவிதை மாதிரி ஒன்று. அந்த வயதிலேயே எனக்கு அந்த நோய் இருந்தது. 

"போவமாட்டேன்" என்றேன்.

அவள் என் கையை விட்டாள்.

"எறங்குடி மொதல்ல. பஸ்ஸு எடுக்கறான்."